கண்மாய்க் கரையில் கற்றது: ஐந்து ஆண்டு வார்டு உறுப்பினராக என் அனுபவம்

2020 ஜனவரி 6ஆம் தேதி வார்டு உறுப்பினராகப் பதவியேற்றேன். சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனத்தை நம்பி இருக்கும் சிறிய ஊராட்சி எங்களுடையது. அதற்கு முன் பத்து வருடம் மகளிர் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஊர் விஷயம் எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் தேர்தலில் நின்றேன்.

ஜனவரி 26 என் முதல் கிராம சபை. கோயில் மண்டபத்தில் நடந்தது. வந்தவர்களை எண்ணினேன், 31 பேர். எங்களைப் போல மூவாயிரத்துக்குள் மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். மறுநாள் காலை தீர்மானப் புத்தகம் நூறு நாள் வேலை நடந்த இடத்துக்கு வந்தது. வேப்பமர நிழலில் பெண்கள் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டார்கள், சிலர் கைநாட்டு வைத்தார்கள். என்ன தீர்மானம் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் நான் செய்த தவறு உறைத்தது. அந்தப் பெண்களுக்கு என்னைத்தான் தெரியும். நான் பக்கத்தில் நின்றதால்தான் நம்பிப் போட்டார்கள்.

பிறகு கொரோனா வந்தது. 2021 அக்டோபர் 2ஆம் தேதிதான் கிராம சபை மறுபடி கூடியது. அன்றைக்கு முதலமைச்சர் மதுரை மாவட்டம் பாப்பாபட்டி கிராம சபையில் உட்கார்ந்திருந்ததை டிவியில் காட்டினார்கள். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக, 1996 முதல் 2006 வரை அந்த நாற்காலியில் யாரையும் நிலைக்க விடாத ஊர்களில் பாப்பாபட்டியும் ஒன்று. எங்கள் ஊரில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் எங்கள் கிராம சபைக்குக் கிழக்குத் தெருக்காரர்கள் வருவதில்லை. கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தால் அவர்கள் எப்படி வருவார்கள்? (அந்தத் தெருவை ஊரில் காலனி என்பார்கள். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நான் கிழக்குத் தெரு என்றே எழுதுகிறேன்.)

வழிபாட்டு இடங்களில் கிராம சபை கூடாது, ஊராட்சியில் உள்ள குடியிருப்புகளில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பது அரசு ஒவ்வொரு முறையும் அனுப்புகிற அறிவுரையிலேயே இருக்கிறது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்த் தலைவரிடம் காட்டினேன். நான் முதலில் கேட்டது இந்த இடமாற்றத்தைத்தான். அடுத்த கூட்டம் பள்ளிக்கூடத் திடலுக்கு வந்தது. இடம் மாறியதும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் வாய் திறக்கவில்லை. அதற்கு இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

இனி கண்மாய்க்கு வருகிறேன்.

எங்கள் கண்மாய் பெரியதில்லை. ஆயக்கட்டு, அதாவது இதன் நீரில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குள் அடங்கிவிடும். அதனால் நீர்வளத் துறையிடம் (முன்பு பொதுப்பணித் துறை) இல்லாமல் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. வயலுக்கு நீர் திறந்துவிட இரண்டு மடை, மிகுந்த நீர் வழிந்து போக ஒரு கலுங்கு. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக் கருவேலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்தால் ஒரு போகம் நெல். நிறையாவிட்டால் வானம் பார்த்த பூமிதான்.

சில வருடங்களுக்கு முன் தூர் வாரினார்கள். இயந்திரம் வந்து கண்மாயின் நடுவில் ஆழமாகப் பள்ளம் பறித்தது. பார்க்கிறவர்களுக்குக் கிணறு மாதிரி தெரிந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வருடம் தண்ணீரும் வந்தது. ஆனால் தை பிறக்கும்போது மடையில் நீர் இல்லை, நடுப் பள்ளத்தில் மட்டும் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் காய்ந்தது.

எங்கள் கண்மாயின் நீர்பாய்ச்சி கிழக்குத் தெருக்காரர், எழுபது வயதைத் தாண்டியவர். எந்த மடையை எப்போது எத்தனை விரல் திறக்க வேண்டும், யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். நான் அவரைத் தேடிப் போய், "ஐயா, அந்தத் தூர்வாரலைப் பத்தி அப்ப உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" என்றேன்.

"யாரு தாயி கேட்டா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். மடை மட்டத்துக்குக் கீழ தோண்டுனா மாடுதான் குடிக்கும், வயக்காடு குடிக்காது."

பொறியாளர் பட்டம் தேவைப்படாத விஷயம் இது. மடையின் அடிமட்டத்துக்கு மேலே படிந்த வண்டலை எடுத்தால்தான் வயலுக்குப் போகும் நீர் கூடும். அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்த நீர் கண்மாய்க்குள்ளேயே தங்கிவிடும். ஆடுமாடுகளுக்கும், பக்கத்துக் கிணறுகளில் ஊற்றுக்கும் அது உதவும். நெல்லுக்கு உதவாது. இதைத் தெரிந்த ஒருவர் ஊரிலேயே இருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் அதே தவறைச் செய்தேன். 2022 மே 1 கிராம சபைக்கு முன் கண்மாய்க்கு என்னென்ன வேலை வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டேன். ஆயக்கட்டு விவசாயிகள் பதினைந்து பேர் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடி எழுதினோம். வரத்துக்கால் சுத்தம், மடைப் பலகை, கரை உயர்த்துதல். எல்லாவற்றுக்கும் மேலாகக் கலுங்கை ஓரடி உயர்த்த வேண்டும். ஓரடி உயர்த்தினால் இன்னும் ஒரு மாதத்துக்கு நீர் நிற்கும் என்பது எல்லோர் கணக்கு.

கூட்டத்தில் பட்டியலை வாசித்தேன், கை தட்டினார்கள். கடைசி வரிசையில் கிழக்குத் தெருப் பெண்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து, "நீங்களும் சொல்லுங்கம்மா" என்றேன். ஒரு பெண் எழுந்து, "எங்களுக்கென்ன வயலா வரப்பா இருக்கு, கண்மாயப் பத்திப் பேச?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிப் பழகிப்போன குரல்.

அந்தக் குரல் இரண்டு நாள் என்னை விடவில்லை. மூன்றாம் நாள் கிழக்குத் தெருவுக்குப் போனேன். மதியம் போனதால் யாரும் இல்லை, எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மறுநாள் அந்தி நேரம் போனேன், அடுப்படியில் இருந்தார்கள். இரவு எட்டு மணிக்குத்தான் பெண்களுக்குக் கை ஓய்ந்தது. கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை என்று குறை சொல்கிறவர்கள் ஒரு நாள் அவர்களுடைய கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் நடத்திய தெருக்கூட்டம் எல்லாமே இரவு எட்டு மணிக்குத்தான்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் தரையில் கோலமாவால் கண்மாயை வரையச் சொன்னேன். கோலம் போடத் தெரியாத பெண் யார்? ஒருவர் கரையை வளைத்தார், ஒருவர் மடையைக் குறித்தார், குழந்தைகள் வேப்பிலையைக் கிள்ளி மரங்களாக வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் படம் போட ஆரம்பித்ததும் பேச்சும் வந்துவிட்டது. துணி துவைக்கிற படித்துறை எங்கே இடிந்திருக்கிறது, ஆடு இறங்குகிற இடம் எது, சீமைக் கருவேல முள்ளை வெட்டி விறகாக்கி எத்தனை வீட்டில் பிழைப்பு ஓடுகிறது, எல்லாம் வந்தது. வயல் இல்லாதவர்களுக்குக் கண்மாயோடு எங்களைவிட அதிக வேலை இருந்தது.

கடைசியாக ஒரு பாட்டி குனிந்து, நீர் தேங்கும் உள்வாய் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். "இது என்னன்னு தெரியுமா ஒனக்கு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "சுடுகாட்டுப் பாதை. கம்மாய் பெருகுனா இது முழுகிப்போகும். எம் மருமகனத் தூக்கிட்டுப் போனப்ப நெஞ்சளவு தண்ணி. பாடையத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போனாக."

நான் வாசித்து, ஊர் கை தட்டிய தீர்மானம் கலுங்கை ஓரடி உயர்த்துவது. உயர்த்தினால் நீர் இன்னும் உள்ளே ஏறும். அந்தப் பாதை இன்னும் ஓரடி ஆழத்துக்குப் போகும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் அந்தப் பெண்கள் கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த இரண்டு வாரம் என் ஐந்து வருடத்திலேயே கடினமான நாட்கள். ஆயக்கட்டுக்காரர்களிடம் போய்ச் சொன்னேன். "தண்ணி கட்டுறது நாம. பாதைக்கு வேற எடம் பாக்கச் சொல்லு" என்றார்கள். என் சித்தப்பாவே, "நீ எந்தத் தெருவுக்கு மெம்பரு?" என்று கேட்டார். மாசத்துக்கு ஒருமுறை கோயில் முன் கூடும் ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்க்கூட்டம் வேறு, கிராம சபை வேறு. ஊர்க்கூட்டத்தில் யார் யார் உட்காரலாம் என்பதை வழக்கம் முடிவு செய்கிறது. கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருக்கும் இடம் உண்டு, அதற்குச் சட்டம் இருக்கிறது. இரண்டையும் கலக்க விட்டால் வழக்கம்தான் ஜெயிக்கும்.

இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததா என்றால், முதல் நாள் இல்லை. ஊராட்சித் தலைவரானதற்காக, பட்டியல் சாதியைச் சேர்ந்த மேலவளவு முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த வட்டாரம் இது. எனக்கு அந்த மாதிரி ஆபத்து எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் நிலம் உள்ள தெருவில் பிறந்தவள், எனக்குப் போகக்கூடியது சில பேரின் பேச்சுவார்த்தைதான். அந்த நஷ்டம் எனக்குத் தாங்கும், கிழக்குத் தெரு உறுப்பினருக்குத் தாங்காது. அதனால் அந்தப் பேச்சை நான்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பேசியதைவிட நடந்ததுதான் வேலை செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இரண்டு தெருக்காரர்களும் நீர்பாய்ச்சி ஐயாவோடு கண்மாயைச் சுற்றி நடந்தோம். மேட்டில் இருந்து வரத்துக்கால் தொடங்கும் இடம், கரை, மடை, கலுங்கு, கடைசியில் அந்தப் பாதை. நான்கு மணி நேரம் ஆனது. வரத்துக்கால் பாதித் தூரத்துக்கு மேல் அடைபட்டிருப்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். கலுங்கை உயர்த்தி என்ன பயன், வருகிற தண்ணீரே வழியில் நின்றுவிடுகிறதே? ஐயா ஒரு குச்சியைக் கரையோரம் குத்தி, மடை மட்டத்துக்கு மேல் எவ்வளவு வண்டல் இருக்கிறது என்று காட்டினார். முழங்கைக்கு மேலே இருந்தது. அந்த வண்டலை எடுத்தாலே, கலுங்கைத் தொடாமல் கொள்ளளவு கூடும். எடுத்த மண்ணைச் சுடுகாட்டுப் பாதையில் போட்டு மேடாக்கலாம். இதை முதலில் சொன்னது, கலுங்கை உயர்த்தியே ஆக வேண்டும் என்று கத்திய ஆயக்கட்டுக்காரர்தான். திண்ணையில் உட்கார்ந்து பேசியிருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் பழைய தீர்மானத்தை மாற்றினோம். அந்த முறை நோட்டீசை ஏழு நாள் முன்னதாக ரேஷன் கடைச் சுவரில் ஒட்டி, தண்டோராவும் போட வைத்தோம். தீர்மானம் எழுதும் விதத்தையும் மாற்றினோம். "கண்மாயைச் சீரமைக்க இச்சபை கேட்டுக்கொள்கிறது" என்று எழுதினால் அது எங்கேயும் போய்ச் சேராது. எந்தச் சர்வே எண், வரத்துக்காலில் எங்கிருந்து எங்கே வரை, மண் எந்த மட்டம் வரை எடுக்க வேண்டும், எடுத்த மண் எங்கே போக வேண்டும், யார் பொறுப்பு, எந்த மாதத்துக்குள் என்று எழுதினோம். எழுதி முடித்ததும் கிழக்குத் தெருவில் காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் மைக்கில் வாசித்தான். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. அன்றையிலிருந்து வாசிக்காத தீர்மானத்தில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. தீர்மான நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் பழக்கமாகிவிட்டது.

அடுத்து, வேலையை யார் செய்வது என்ற கேள்வி. ஊர்ப் பெரியவர்கள் குடிமராமத்து முறைப்படி வீட்டுக்கு ஓராள் வந்து மண் சுமக்கலாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. குடிமராமத்து என்றால் நம் எல்லோருக்கும் ஒரு பெருமை உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் யார் வயலுக்காக யார் மண் சுமந்தார்கள் என்று கேட்டால் பெருமை கொஞ்சம் சுருங்கும். வராதவர்களைத் தண்டிக்க 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். வயல் உள்ளவர் தன் வயலுக்கு வரும் தண்ணீருக்காக ஒரு நாள் உழைப்பது நியாயம். அன்றாடக் கூலி வாங்கினால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டிலிருந்து இலவச உழைப்பு கேட்பதை மக்கள் பங்கேற்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கை வேலை அத்தனையும் நூறு நாள் வேலையில் சேர்த்தோம். அந்த வருடம் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 281 ரூபாய். இயந்திரம் தேவைப்பட்ட இடத்துக்கு, முக்கியமாகச் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க, ஆயக்கட்டுக்காரர்கள் ஏக்கர் கணக்கில் பணம் போட்டார்கள். வெட்டிய மரத்தில் விறகு கிழக்குத் தெருவுக்கு. பாதையின் குறுக்கே நீர் போகக் குழாய் பதிக்க ஒன்றியப் பொறியாளர் வந்து மட்டம் பார்த்துக் கொடுத்தார். பொறுமையான மனிதர், நீர்பாய்ச்சி ஐயாவையும் கூடவே வைத்துக்கொண்டு குறித்தார்.

கணக்கு விஷயத்தில் மகளிர் குழுப் பழக்கம் கைகொடுத்தது. குழுவில் பத்து ரூபாய் குறைந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். அதே மாதிரி ரேஷன் கடைச் சுவரில் கரும்பலகை அளவுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, அன்றன்றைய செலவைச் சாக்பீசில் எழுதினோம். இயந்திரம் எத்தனை மணி நேரம், டீசல் எவ்வளவு, டீ செலவு எவ்வளவு. மொத்தமாக லட்சக் கணக்கில் எழுதியதை யாரும் நின்று பார்ப்பதில்லை. "டீ 240" என்று எழுதிய அன்று நாலு பேர் நின்று, இத்தனை பேருக்கா இத்தனை டீ என்று கேட்டார்கள். கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு நாள் டீசல் கணக்கைத் தப்பாக எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பெண் கூட்டிப் பார்த்துச் சொன்னாள்.

மீன் விஷயம் தனிக் கதை. மீன் குத்தகையை வழக்கமாக நாலு பேர் பேசி முடிப்பார்கள். குத்தகைக்காரருக்குத் தண்ணீர் சீக்கிரம் வற்ற வேண்டும், விவசாயிக்கு நிற்க வேண்டும். இரவில் மடையைத் திறந்துவிட்டதாக ஒவ்வொரு வருடமும் சண்டை. 2023இல் முதல் முறையாக எல்லோர் முன்னிலையிலும் ஏலம் விட்டோம். பணம் ஊராட்சிக் கணக்கில் ஏறியது. மடைச் சாவி நீர்பாய்ச்சியிடம் மட்டும்தான், அவர் சொல்லாமல் திறந்தால் குத்தகை ரத்து என்று ஏல நிபந்தனையிலேயே எழுதினோம். குத்தகைக்காரர் பிடித்து முடித்த பிறகு ஒரு நாள் இரண்டு தெருவுக்கும் பொது. ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு ஊரே இறங்கியது. விரால் கிடைத்தவர்கள் சிலர், கெண்டையோடு போனவர்கள் பலர். ஒரே நேரத்தில் இரண்டு தெருவும் ஒரே சேற்றில் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

எல்லாம் நடந்துவிடவில்லை. வரத்துக்காலில் ஓரிடத்தில் ஆக்கிரமிப்பு அப்படியே இருக்கிறது. அது என் சித்தப்பா வயலை ஒட்டிய பகுதி. சர்வேயர் வந்து கல் நட்டார், இரண்டே மாதத்தில் கல்லைக் காணவில்லை. மறுபடி மனுக் கொடுத்திருக்கிறேன். சித்தப்பா வீட்டு விசேஷங்களுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. படித்துறை கட்ட வேண்டும் என்று மூன்று கிராம சபைகளில் தீர்மானம் போட்டும் நிதி வரவில்லை. கிழக்குத் தெரு உறுப்பினர் முதல் மூன்று வருடம் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்காக நான் பேசிக்கொண்டே இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னால்தான் புரிந்தது. நான் வேண்டுமென்றே இரண்டு கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாவது கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவாததைப் பற்றி அவர் எழுந்து கேட்டார். கேட்ட வேகத்தில் மறுநாளே தொட்டியைக் கழுவினார்கள்.

எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முந்தைய மாதம் நல்ல மழை. கலுங்கில் நீர் வழிந்துகொண்டிருந்த நாளில், கோலமாவில் கோடு இழுத்த அந்தப் பாட்டி இறந்துபோனார். கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பாதைதான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். பாடை தோள் மட்டத்திலேயே போனது. பாதையின் பாதி தூரம் காய்ந்திருந்தது. குழாய்க்குப் பக்கத்தில் மண் அமுங்கி, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நின்றது. நீர்பாய்ச்சி ஐயா அந்த இடத்தில் நின்று கையில் இருந்த கம்பை நீருக்குள் ஊன்றிப் பார்த்தார். "இன்னும் அரையடி போடணும் தாயி" என்றார்.

ஜனவரி 26 கிராம சபையில் நான் உறுப்பினர் இல்லை, ஊரில் ஒருத்தி. கையை உயர்த்தி, சர்வே எண்ணையும் அந்த அரையடியையும் சொன்னேன். தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள். வாசித்த பிறகு கையெழுத்துப் போட்டேன்.